நாலாயிரம் அடிக் கோடு: அடிராண்டாக் மலைகளின் பழைய டோப்போ தாள்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சாம்ப்ளைன் ஏரிக்கு மேற்கே இருக்கிறது அடிராண்டாக் மலைப்பகுதி. 1892-ல் அமைந்த அடிராண்டாக் பூங்காவின் பரப்பு சுமார் 60 லட்சம் ஏக்கர். அதற்குள் ஏரியும் குளமுமாக ஏறத்தாழ 3,000 நீர்நிலைகள். வடகிழக்கு மூலையில் உயர்ந்த சிகரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் மிக உயர்ந்தது 5,344 அடி மார்சி.

இங்கே மலையேறுகிறவர்களிடம் 46 சிகரங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ராபர்ட் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் என்ற சகோதரர்களும் அவர்களுடைய வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க்கும் 1918 முதல் 1925 வரை ஏறி முடித்த சிகரங்கள் அவை. அன்று கையில் கிடைத்த டோப்போ தாள்களில் (நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடங்களில்) 4,000 அடியோ அதற்கு மேலோ காட்டும் சிகரங்களைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த தாள்கள் அவற்றில் நான்கை 4,000-க்குக் கீழே இறக்கின: பிளேக் 3,960, கிளிஃப் 3,960, நை 3,895, கௌச்சசாக்ரகா 3,820. பட்டியலில் இல்லாத மெக்நாட்டன் என்ற சிகரத்துக்கு 1953-ம் ஆண்டுத் தாள் சரியாக 4,000 அடி கொடுத்தது. 1970-களின் இறுதியில் வந்த மெட்ரிக் தாள் அதையும் 3,983-க்கு இறக்கியது.

ஒரே மலைக்கு மூன்று தலைமுறைத் தாள்கள் மூன்று உயரம் சொல்வது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பழைய தாளில் அளந்து பெற்ற புள்ளியும் கண்ணால் பார்த்துக் கையால் இழுத்த கோடும் ஒரே மையில், ஒரே உறுதியோடு அச்சாகியிருக்கும். இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், நூறாண்டுத் தாள் இன்றும் முதல்தரமான ஆவணம். தெரியாவிட்டால் அது தவறான இடத்துக்குத்தான் கூட்டிப்போகும்.

எந்தத் தாள்கள்

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையான யூ.எஸ்.ஜி.எஸ். வெளியிட்ட 15 நிமிடத் தாள்களில் (ஒவ்வொன்றும் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் கால் பாகை, அதாவது 15 நிமிடம், காட்டுவது) இரண்டு இந்த ஐந்து சிகரங்களுக்கும் போதும். மவுண்ட் மார்சி தாள் 44°00′ முதல் 44°15′ வடக்கு வரையும், 73°45′ முதல் 74°00′ மேற்கு வரையும் பரவியது. பிளேக்கும் கிளிஃப்பும் அதில் இருக்கின்றன. அதற்கு மேற்கே ஒட்டிய சாண்டனோனி தாளில் நை, மெக்நாட்டன், கௌச்சசாக்ரகா. கிளிஃப், நை இரண்டுமே 74°00′ என்ற தாள் எல்லையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த தாள்களை வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு குழு அளந்திருக்கும். ஓரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் போவது அங்கேதான் நடக்கும்.

அளவுத்திட்டம் 1:62,500. தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 62.5 மீட்டர். இந்த அட்சரேகையில் 15 நிமிடத் தாளின் வரைபடப் பகுதி சுமார் 44 சென்டிமீட்டர் உயரமும் 32 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 அடி. ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்த கோடு, அதாவது 100 அடிக்கு ஒன்று. முதல் தலைமுறைத் தாள்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி மூன்று நிறத்தில் அச்சிட்டார்கள்: நிலவடிவத்துக்குப் பழுப்பு, நீருக்கு நீலம், மனிதர் கட்டியவற்றுக்கும் எழுத்துக்கும் கறுப்பு. காட்டுக்கான பச்சைப் பூச்சு பிற்காலத் தாள்களில்தான் வருகிறது. ஆகவே பச்சை இல்லாத முதல் பதிப்பைப் பார்த்து அந்தக் காலத்தில் காடே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

தாளில் அச்சான ஆண்டுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். கீழ் விளிம்பில் அளவை நடந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு என்று மூன்று வரலாம். 1890-களில் அளந்த தாள் 1920-களின் மறு அச்சாகக் கைக்கு வந்தாலும், சம உயரக் கோடுகள் பழையவைதான். கடைசி ஆண்டை மட்டும் பார்த்து 'இது 1920-களின் நிலைமை' என்று எழுதுவதே இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

அளவை எப்படி நடந்தது

யூ.எஸ்.ஜி.எஸ். வருவதற்கு முன்பே இங்கே ஒரு பெரிய அளவை தொடங்கிவிட்டது. 1872-ல் நியூயார்க் சட்டமன்றம் வெர்ப்ளாங்க் கால்வினை அடிராண்டாக் அளவையின் தலைவராக்கியது. முதல் ஒதுக்கீடு 1,000 டாலர். அதே ஆண்டு மார்சியின் தென்மேற்குச் சரிவில் 'லேக் டியர் ஆஃப் தி கிளவுட்ஸ்' என்ற சிறு குளத்தை அடைந்து, ஹட்சன் ஆற்றின் மிக உயர்ந்த ஊற்று அதுதான் என்று காட்டினார். சிகரங்களில் பாறையைத் துளைத்துச் செப்பு ஆணிகளை இறக்கினார். தொலைவிலிருந்து கோணம் அளக்கும் தியோடலைட்டில் சிகரம் துல்லியமாகத் தெரிய, காற்றில் சுழன்று வெயிலைத் திருப்பியடிக்கும் பளபளப்பான தகடுகளை உச்சியில் நட்டார். ஒரு கோட்டின் நீளத்தையும் கோணங்களையும் அளந்து மற்ற இடங்களைக் கணக்கிடும் முக்கோண அளவீட்டின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். 1802-ல் சென்னையின் பரங்கிமலை அருகே இந்திய நில அளவையை வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கியதும் இதே முறைதான். திறந்த சமவெளியில் அல்லாமல், உச்சி வரை தேவதாரு மூடிய மலைகளில் பார்வைக்கோட்டுக்காக மரம் வெட்டி வெட்டிச் செய்ததுதான் கால்வின் பட்ட பாடு.

1875-ல் அவர் செய்த வேலைதான் இந்த ஆய்வுக்கு நங்கூரம். சாம்ப்ளைன் ஏரியிலிருந்து மார்சி உச்சி வரை லெவல் கருவியும் (கிடைமட்டமாகக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஸ்டாஃபும் (நிறுத்திவைக்கும் அளவுக்கோல்) வைத்துப் படிப்படியாக ஏறி 5,344.411 அடி என்று கணக்கிட்டார். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் நூறடிக்குச் சற்றுக் குறைவு. பத்தடி ஸ்டாஃபில் ஒரு நிறுத்தத்துக்குப் பத்தடிக்கு மேல் ஏற முடியாது என்று வைத்தாலும் ஐநூறுக்கு மேற்பட்ட நிறுத்தங்கள். நடைமுறையில் அதைவிட நிறைய. இன்றைய தாள்களும் 5,344 என்றே சொல்கின்றன. 1875-ம் ஆண்டுக் கருவிகள் கொண்டு செய்த நேரடி லெவலிங் ஓர் அடிக்குள் நிற்கிறது, பிற்காலத்தில் அச்சான கௌச்சசாக்ரகா கோடு 180 அடி தவறுகிறது. காலம் பழையது என்பதால் பிழை வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்த மலைகளில் இல்லை.

யூ.எஸ்.ஜி.எஸ். குழுக்கள் 1890-களிலும் 1900-களின் தொடக்கத்திலும் இங்கே செய்த டோப்போ வேலை வேறு வகை. முக்கோண அளவீட்டில் சில முக்கியச் சிகரங்களின் இடமும் உயரமும் நிலைநாட்டப்படும். சாலையும் பள்ளத்தாக்கும் ஒட்டி லெவல் கோடு ஓடும். நடுவே இருப்பதை நிரப்புவது பிளேன் டேபிள்: முக்காலியில் பலகை, பலகைமேல் தாள், தாள்மேல் அலிடேட் என்ற குறிபார்க்கும் கருவி. தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து ஒரு சிகரத்தைக் குறிபார்த்து, கோடுகள் வெட்டும் இடத்தில் புள்ளி வைத்து, நிலைக்குத்துக் கோணத்திலிருந்து உயரம் கணக்கிடுவார்கள். பார்வைக்கோடு எட்டாத இடத்துக்கு, அழுத்தம் குறைவதை வைத்து உயரம் கணக்கிட, அனிராய்டு காற்றழுத்தமானி. இந்தப் புள்ளிகளுக்கு இடையே சம உயரக் கோடுகளை அந்த இடத்திலேயே நிலத்தைப் பார்த்துக் கையால் வரைவார்கள்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு தவறக்கூடும் என்று கணக்கிட்டால்தான் அடுத்த படி தெளிவாகும். 5 மைல் தொலைவுக் குறிபார்ப்பில் நிலைக்குத்துக் கோணம் ஒரு நிமிடம் தவறினால் உயரம் சுமார் 8 அடி மாறும். பூமியின் வளைவுக்கும் ஒளிவிலகலுக்குமான திருத்தம் மைல் தொலைவின் வர்க்கத்தை 0.574 அடியால் பெருக்கியது, 5 மைலுக்கு 14 அடி. அதைச் சேர்க்க மறந்தால் சிகரம் 14 அடி தாழும். உச்சியில் பாறைக்குப் பதில் மரநுனியைக் குறிபார்த்தால் 10 முதல் 15 அடி கூடும். இந்த அளவுகளை அப்படியே கூட்டினாலும் நாற்பது அடிக்குள்தான்.

காற்றழுத்தமானியில் பிழை பெரிது. 4,000 அடி உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ 30 அடிக்குச் சமம். காலையில் பள்ளத்தாக்கில் அளவு எடுத்து, மதியம் உச்சியில் எடுத்து, இடையில் வானிலை மாறி அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தால் சிகரம் 90 அடி உயர்ந்துவிடும். காற்றின் சராசரி வெப்பநிலையை 5 பாகை தவறாக எடுத்தால், 2,500 அடி ஏற்றத்தில் இன்னொரு 45 அடி. அதனால்தான் கீழே ஒரு கருவியை நிலையாக வைத்து மணிக்கொருமுறை படித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஓர் ஆளை நிறுத்த ஆள்பலம் இல்லாத குழுக்கள் இருந்தன.

நான்கு சிகரங்களின் பிழையைப் பிரித்துப் பார்த்தல்

4,000-க்கும் பிந்தைய உயரத்துக்கும் உள்ள இடைவெளி: பிளேக் 40, கிளிஃப் 40, நை 105, கௌச்சசாக்ரகா 180. பழைய தாள் 4,000-க்கு மேல் காட்டியிருந்தால் பிழை இன்னும் பெரிது. ஆகவே இவை குறைந்தபட்ச எண்கள். 20 அடிக் கோடுகளில் எண்ணினால் இரண்டு, இரண்டு, ஐந்துக்கு மேல், ஒன்பது.

இதை ஒப்பிட அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1941-ல் வந்து 1947-ல் திருத்தப்பட்ட அமெரிக்க வரைபடத் துல்லிய விதிப்படி, சோதித்த புள்ளிகளில் 90 விழுக்காடு அரை இடைவெளிக்குள், அதாவது 20 அடிக் கோட்டுக்கு 10 அடிக்குள் இருக்க வேண்டும். கிடையாக இந்த அளவுத்திட்டத்தில் 0.02 அங்குலம், தரையில் சுமார் 32 மீட்டர். முதல் தலைமுறைத் தாள்கள் இந்த விதி பிறப்பதற்கு முன்னவை. அவற்றை இந்த விதியால் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்க இது உதவும்.

பிளேக், கிளிஃப் இரண்டின் 40 அடி, காற்றழுத்தமானி எளிதில் தரக்கூடிய பிழைதான். அளந்தார்கள், சற்றுத் தவறியது. நையின் 105 அடிக்குக் காற்றழுத்தமானி ஒன்றே போதிய விளக்கமாகலாம். கௌச்சசாக்ரகாவின் 180 அடியை எந்தக் குறிபார்ப்பும் தராது. அந்த உச்சியில் அளந்த புள்ளியே இல்லாமல் கோடுகள் உருவத்தைப் பார்த்து வரையப்பட்டன என்பதே பொருந்தும் விளக்கம். இடமும் அதற்கேற்றது: சாண்டனோனித் தொடரின் மேற்கோடியில் தனித்து, உச்சி வரை மரம் மூடி, கிழக்கிலிருந்து பார்க்கிறவருக்கு 4,442 அடி பேந்தர் சிகரம் மறைக்க நிற்கும் மலை அது. சாலையும் லெவல் கோடும் அதற்கு வெகு தொலைவு.

பழைய தாளிலேயே இதைக் கண்டுகொள்ள வழி உண்டு. உச்சியில் உயர எண் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண் இருந்தால் அங்கே ஏதோ ஒரு அளவு எடுக்கப்பட்டிருக்கிறது. எண் இல்லாமல் மூடிய கோடு மட்டும் இருந்தால் அது ஊகத்துக்கு அருகில் வரும். அடுத்து கோடுகளின் குணம். அளந்த மலையில் சிறு நீரோடைகளிடத்தில் கோடுகள் கூர்மையாக உள்ளே மடியும், முகடுகளில் ஒழுங்கற்று வெளியே தள்ளும். ஊகித்து வரைந்த மலையில் கோடுகள் வழவழப்பாக, சம இடைவெளியில், ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் போட்டிருக்கும். சுற்றியுள்ள சரிவுகளில் நடுக்கம் இருந்து ஓர் உச்சி மட்டும் வழவழவென்று இருந்தால் அங்கே சந்தேகப்பட வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை, மென்பொருள் வேலை எதையும்விட அதிகம் சொல்லிவிடும்.

பெயர்களிலும் இந்த வரலாறு இருக்கிறது. பிளேக் சிகரம் கால்வினின் உதவியாளர் மில்ஸ் பிளேக்கின் பெயரைத் தாங்கியது. நை, கால்வினோடு லேக் டியருக்குப் போன வழிகாட்டி பில் நையின் பெயரை. உயரத்தால் பட்டியலுக்கு வெளியே விழவேண்டிய நான்கில் இரண்டு, இந்த மலைகளை அளக்கத் தோள்கொடுத்தவர்களுடையவை. பட்டியலைப் பேணும் ஃபார்ட்டி-சிக்ஸர்ஸ் அமைப்பு எதையும் நீக்கவில்லை, மெக்நாட்டனைச் சேர்க்கவும் இல்லை. மார்ஷல்கள் ஏறியவை இவைதான் என்ற வரலாற்று அடிப்படையில் அது சரியான முடிவு.

மெக்நாட்டன் வேறு மாதிரி வழக்கு. மெட்ரிக் தாள்கள் 1:25,000 அளவில், 10 மீட்டர் இடைவெளிக் கோடுகளோடு வந்தன. 10 மீட்டர் என்பது 32.8 அடி, அளவுத்திட்டம் பெரிதானாலும் கோட்டு இடைவெளி பழைய 20 அடியைவிட முரடு. 4,000 அடி என்பது 1,219.2 மீட்டர்; 1,210-க்கும் 1,220-க்கும் நடுவே விழுகிறது. ஆகவே அந்தத் தாளில் 1,210 கோடு மட்டும் மூடியிருக்கும் உச்சி 3,970 அடியாகவும் இருக்கலாம், 4,002 ஆகவும் இருக்கலாம். கோட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, உயரப்புள்ளி வேண்டும். மெக்நாட்டனுக்கான 3,983 அடி என்பது 1,214 மீட்டரின் மாற்று. முழு மீட்டருக்கு நிறைவாக்கியதால் மட்டும் கூட்டியோ குறைத்தோ 1.6 அடி அதில் ஒளிந்திருக்கிறது. '3,983' என்று நான்கு இலக்கத்தில் எழுதும்போது அடி அளவுக்குத் துல்லியம் என்ற தோற்றம் வருகிறது, அது உண்மையில்லை.

இந்த வேறுபாடுகளுக்குக் கடல்மட்ட அடிப்படை (உயரத்தை எண்ணத் தொடங்கும் பூச்சிய மட்டம்) மாறியதைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. 1929-ம் ஆண்டு அடிப்படைக்கும் 1988-ம் ஆண்டு அடிப்படைக்கும் இங்கே உள்ள வேறுபாடு ஓர் அடிக்கும் குறைவு. நான்கு சிகரங்களில் எதற்கும் அது விளக்கமாகாது.

தாளை இன்றைய தரையோடு பொருத்துதல்

யூ.எஸ்.ஜி.எஸ். தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து டோப்போவியூ தளத்தில் இலவசமாகத் தருகிறது. இட விவரமும் சேர்ந்த படக்கோப்பான ஜியோடிஃப்பாக இறக்கலாம். 600 டி.பி.ஐ. ஸ்கேனில் 1:62,500 தாளின் ஒரு பிக்சல் தரையில் 2.65 மீட்டர். அதற்காக 2.65 மீட்டர் துல்லியம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. செதுக்கிய கோட்டின் தடிமனே பல பிக்சல் வரும்.

கோப்பிலேயே இடப்பொருத்தம் (தாளின் புள்ளிகளைத் தரையின் இடங்களோடு இணைப்பது) செய்யப்பட்டிருக்கும். பொதுவான பார்வைக்கு அது போதும். உச்சிகளை ஒப்பிடுவதற்கு கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் மறுபடி செய்வது நல்லது, காரணம் காகிதம். ஈரப்பதத்தில் காகிதம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவில் சுருங்காது. 44 சென்டிமீட்டர் உயரத்தில் அரை விழுக்காடு சுருங்கினாலே 2.2 மில்லிமீட்டர், தரையில் 137 மீட்டர். இரண்டு திசைக்கும் தனித்தனி அளவு தரும் முதல்படிப் பல்லுறுப்பு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழற்சியும் ஒரே அளவும் மட்டும் தரும் ஹெல்மெர்ட் மாற்றம் இந்தச் சுருக்கத்தைப் பிடிக்காது.

பொருத்தும் புள்ளிகளுக்கு மூலைகள் நான்கு மட்டும் போதாது. 15 நிமிடத் தாளில் ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் விளிம்பிலும் உள்ளேயும் குறி இருக்கும். மொத்தம் 16 புள்ளிகள் கிடைக்கும். 44°05′ என்பதை 44.083333 என்று ஆறு இலக்கம் வரை கொடுக்க வேண்டும், மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி. இங்கே ஒரு பொறி: இந்தத் தாள்கள், உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் பாலிகோனிக் வீச்சில் வரைந்தவை. தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதால் தாளின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட சுமார் 1.3 மில்லிமீட்டர் குறுகல். பாகைகளை அப்படியே தளமாக எடுத்து முதல்படி மாற்றம் செய்தால் மூலைகளில் 20 மீட்டர் அளவுக்கு மிச்சப்பிழை (பொருத்தியபின்னும் சேராமல் நிற்கும் தூரம்) நிற்கும். தாளின் நடுத் தீர்க்கரேகையை மையமாக வைத்து (மார்சி தாளுக்கு −73.875) ஒரு பாலிகோனிக் அமைப்பை உருவாக்கி, 16 புள்ளிகளையும் அதற்கு மாற்றிக் கொடுத்தால் அந்தப் பிழை போய்விடும். மிச்சப்பிழையின் சராசரி 0.3 மில்லிமீட்டருக்குள், அதாவது 7 பிக்சலுக்குள், தரையில் 19 மீட்டருக்குள் வரவேண்டும். ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பெரும்பாலும் எண்ணைத் தவறாக அடித்ததுதான். மடிப்புக் கோட்டின்மேல் விழும் புள்ளியும் சந்தேகத்துக்குரியது.

தின்-பிளேட் ஸ்ப்ளைன் என்ற வளைக்கும் மாற்றத்தைப் பலர் விரும்புவார்கள். எல்லாப் புள்ளியும் பூச்சியப் பிழை காட்டும். பழைய தாளில் அதைத் தவிர்ப்பதே நல்லது. பிழை எங்கே இருக்கிறது என்று காட்டவேண்டிய எண்களை அது அழித்துவிடும், தவறாகக் கொடுத்த புள்ளிக்கும் தாளை வளைத்துக்கொடுக்கும்.

அடுத்தது அடிப்படை மாற்றம்: அட்சரேகை, தீர்க்கரேகையை எதிலிருந்து கணக்கிட்டார்கள் என்பதே இங்கே அடிப்படை. 1950-களின் தாள் 1927-ம் ஆண்டின் என்.ஏ.டி. 27 அடிப்படையில், மென்பொருளில் அதைக் குறிக்கும் ஈ.பி.எஸ்.ஜி. எண் 4267. புதிய தரவு என்.ஏ.டி. 83, எண் 4269. இரண்டையும் குழப்பினால் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35 மீட்டர் கிழக்கு மேற்காக நகரும். யூ.டி.எம். என்ற மீட்டர் கட்ட அமைப்பின் மண்டலம் 18-ல், அதே இரண்டு அடிப்படைகளுக்கான 26718, 26918 இரண்டையும் குழப்பினால் வடக்கு தெற்காக 200 மீட்டருக்கு மேல். பிழை எவ்வளவு என்று பார்த்தாலே எந்தக் குழப்பம் என்று தெரிந்துவிடும். முதல் தலைமுறைத் தாள்களோ 1927-க்கு முந்தியவை. அவற்றில் அடிப்படை பற்றி எதுவும் அச்சாகியிருக்காது. என்.ஏ.டி. 27 என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு, தரையில் மாறாத சில புள்ளிகளில் சோதித்து, எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் மட்டும் தாள் முழுவதையும் நகர்த்தலாம். திசை மாறி மாறி இருந்தால் அது அடிப்படைப் பிழையில்லை, வரைந்த பிழை, நகர்த்தக் கூடாது.

சோதனைப் புள்ளியாக மார்சி போன்ற மரமற்ற முக்கியச் சிகரங்களும், இருபுறமும் பாறைச்சுவர் நிற்கும் அவலாஞ்ச் ஏரியின் கரையும் நல்லவை. சதுப்பு ஏரிக் கரை, பாதைகள் சந்திக்கும் இடம், ஓடைகள் கூடும் இடம் மூன்றும் கூடாது.

உயரத்தை ஒப்பிட, விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த லைடார் தரைமாதிரி. யூ.எஸ்.ஜி.எஸ். ஏற்கும் வழக்கமான தரத்தில் வெட்டவெளியில் பிழை 10 சென்டிமீட்டர், மரம் மூடிய இடத்தில் சுமார் 30. உச்சியைச் சுற்றி வட்டமிட்டு அதற்குள் அதிகபட்ச மதிப்பை எடுப்பதே வழக்கம். குட்டைத் தேவதாரு அடர்ந்த உச்சிகளில் ஒளிக்கற்றை தரையைத் தொடுவது அரிது. அதனால் ஒரே ஒரு பிக்சல் மட்டும் அண்டைப் பிக்சல்களைவிட ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி நின்றால் அது மரமா, பாறையா என்று மூலப்புள்ளிகளைத் திறந்து பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

செங்குத்துச் சரிவில் பழைய கோடுகளை எண்ண முயல்வது வீண். அவலாஞ்ச் ஏரியின் நீர்மட்டம் 2,863 அடி, அதன்மேல் எழும் கோல்டன் சிகரம் 4,714 அடி. 1,851 அடி ஏற்றத்துக்கு 20 அடிக் கோடு 92. கிடைத்தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தாளில் 16 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஆறு கோடு எந்தச் செதுக்கர் கையிலும் தனித்தனியாக நிற்காது. நடுக்கோடுகளை விட்டுவிட்டு 100 அடித் தடித்த கோடுகளை மட்டும் கொண்டுபோவார்கள், சில இடங்களில் அவையும் ஒட்டிக்கொள்ளும். அங்கே தடித்த கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவே கணக்கிட்டு நிரப்ப வேண்டும்.

ஏரிகள்

மலை உயரத்தில் தாள் தவறினால் பழி தாளுக்கு. ஏரியில் தாளும் தரையும் முரண்பட்டால் பெரும்பாலும் இரண்டுமே சரி, ஆண்டுதான் வேறு. சாண்டனோனி தாளில் டக் ஹோல் என்ற நீர்நிலை நீல நிறத்தில் இருக்கும். அது மரம்வெட்டுக் காலத்து அணையால் தேங்கிய நீர். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அந்த அணையை உடைத்தது. மார்சி அணையும் அதே புயலில் உடைந்து பின்னர் அகற்றப்பட்டது. ஃப்ளோட் லேண்ட்ஸும் அணை போனபின் பெரும்பாலும் சதுப்பு. தெற்கே நேர்மாறு: 1930-ல் காங்க்ளின்வில் அணை மூடப்பட்டதும் சாகண்டகா பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. அதற்கு முந்திய தாள்களில் இன்றைய ஏரியின் நடுவே சாலையும் வீடும் ரயில்பாதையும் கறுப்பு மையில் நிற்கும்.

ஆகவே ஏரிக்கரையை டிஜிட்டலாக வரையும்போது ஒவ்வொரு உருவத்துக்கும் அளவை ஆண்டு, தாளில் அச்சான நீர்மட்டம், அணை இருந்ததா, எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்ற நான்கையும் பண்பு அட்டவணையில் பதிய வேண்டும். பதிப்பு ஆண்டை அளவை ஆண்டாகப் பதிந்தால் அணை கட்டிய காலமே பத்தாண்டு தள்ளிப்போகும். தாளில் அச்சான நீர்மட்டம் அளந்த நாளின் மட்டம். அணை ஏரிகளில் பருவத்துக்குப் பருவம் பல அடி மாறும். அதைப் பெஞ்ச் மார்க்காக, அதாவது உயரம் நிலைநாட்டிய குறியாக, எடுக்கக் கூடாது.

சான்ஃபோர்ட் ஏரிப் பக்கம் டஹாவஸ் சுரங்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1941-ல் போர்க்காலத் தேவைக்காக டைட்டேனியம் வெட்டத் தொடங்கினார்கள். அங்கே பழைய கோடுகளும் புதிய கோடுகளும் நூறடிக் கணக்கில் வேறுபடும். அது வெட்டிய குழியும் கொட்டிய மேடும். தாள்களின் சராசரி உயரப் பிழையைக் கணக்கிடும்போது இந்தப் பகுதியை முதலிலேயே வெட்டி நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழு முடிவையும் கெடுத்துவிடும்.

பாதைகளும் திசைகாட்டியும்

பழைய தாளின் புள்ளிக்கோட்டுப் பாதைகளை நம்பி நடப்பது ஆபத்து. 1950 நவம்பர் 25-ம் தேதிப் புயல் இந்தக் காடுகளில் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. அதற்கு முன்பு அளந்த தாளின் பல பாதைகள் விழுந்த மரங்களுக்கு அடியில் போயின. வரலாற்றுத் தேடலுக்கு அவை அருமையானவை: மரம்வெட்டுச் சாலை, முகாம், அணைக்கட்டு எங்கே இருந்தன என்று அவைதான் சொல்லும். லைடார் தரைமாதிரிக்கு வெயில் நிழல் போட்டுக் காட்டும் படத்தில் 2, 3 மீட்டர் அகலத்தில் தட்டையாக ஓடும் தடம், பழைய தாளின் புள்ளிக்கோட்டுக்கு 50 மீட்டருக்குள் இணையாகப் போனால், அந்தப் பாதை கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். கோடும் தடமும் முழுவதும் ஒட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது; பாதையை அளந்தவர் நடந்துபோய் வளைவுகளை எளிமையாக்கி வரைந்தவர்.

விளிம்பில் அச்சான காந்தவிலக்கம் (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) அந்த ஆண்டுக்கு மட்டுமே உரியது. இப்போது இங்கே அது சுமார் 13 பாகை மேற்கு. பழைய எண்ணைத் திசைகாட்டியில் வைத்து ஒரு பாகை தவறினாலே ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகும். இரண்டு, மூன்று பாகை தவறினால் கௌச்சசாக்ரகா போன்ற மரம் மூடிய, தாழ்ந்த உச்சியைக் காட்டுக்குள் தவறவிட அது போதும். நடப்பு ஆண்டின் மதிப்பை அமெரிக்க வானிலை, கடலியல் துறையான நோவாவின் கணிப்பானில் எடுத்து, தாளின் நகலில் சிவப்பு மையில் எழுதி, அச்சான எண்ணை அடித்துவிடலாம்.